பன்னிரண்டரைச் சாப்பாடு

தீம் பார்க்குக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்த ஆலோசனைகளில் ஒரு ராட்டினத்தின் பெயர்கூட அடிபடவில்லை. எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, அங்கே கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே ஓடுவது என்பதைப் பற்றித்தான் அம்மா ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. தண்ணீரில் சறுக்குவதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையில் அப்பாவுக்கு வேலை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்; ஆந்திரா பக்கத்தில் இருப்பதால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். ஆலைக்குள் கூரையை ஒட்டி ஓடும் பெரிய கிரேனை அவர் ஓட்டினார். தரையிலிருந்து நாற்பது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, உருகிய இரும்பு நிறைந்த வாளியை உலையிலிருந்து தூக்கி, மறுகோடிக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். வாளி என்றால் எங்கள் சமையலறை அளவுக்கு இருக்குமாம். தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிட மாட்டார்கள், கிரேன்காரர் என்பார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் கிரேன்காரர் மகள் என்று கொஞ்சம் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன்.

அந்த வருடம் உற்பத்தி நன்றாக இருந்ததென்று கம்பெனி எல்லாக் குடும்பங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீம் பார்க்குக்கு அழைத்துப் போவதாக அறிவித்தது. பஸ், நுழைவுச் சீட்டு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் கம்பெனி பொறுப்பு. சாப்பாடு மட்டும் இரண்டு மணிக்கு. அதற்கு முன்னால் முதலாளி பேசுவார், பரிசு கொடுப்பார். அந்த இரண்டு மணியைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை என்று காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொள்ளும்படி டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். மத்தியானம் ஒரு மணியைத் தாண்டினால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். வீட்டிலேயே இரண்டு முறை அப்படி ஆகியிருந்தது. அம்மா என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருந்தாள். “நைனா ஒளறினா கேள்வி கேட்டுக்கினு நிக்காத. சக்கரைய வாயில போடு. மத்தத அப்பறம் பாத்துக்கலாம்.”

இரண்டாவது பாடம் ஒன்றும் உண்டு. இந்த விஷயம் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் ஊசி மருந்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் இருந்தது. அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் நான்கைந்து மிட்டாய் இருக்கும். கேட்டால் சிகரெட்டை விட்ட பழக்கம் என்பார். அவர் சிகரெட் பிடித்ததே இல்லை.

பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு எதையும் விட மாட்டார்கள், வாசலில் பையைத் துழாவிப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எதிர் வீட்டு அக்கா சொல்லிவிட்டாள். அவள் முந்தைய வருடம் வேறொரு கம்பெனிக் கூட்டத்தோடு போய்வந்தவள். மருந்து, நோயாளி என்று சொன்னால் விடுவார்கள்தான். ஆனால் அதை வாசலில், கம்பெனி ஆட்கள் நூறு பேர் சுற்றி நிற்கும்போது எப்படிச் சொல்வது? ஆகவே அம்மா, அக்காவைத் தினம் ஒரு டம்ளர் காபி கொடுத்து உட்கார வைத்து, பார்க்குக்குள் சாப்பாட்டுக் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று விசாரித்தாள். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நான் வரைபடம் வரைய வேண்டும். அலைக்குளம், அதன் பக்கத்தில் ஜூஸ் கடை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சோறு கிடைக்கும் கடை. பொம்மை ரயிலுக்குப் பின்னால் பஜ்ஜி. ராட்டினங்களை வரைய நான் ஆசைப்பட்டபோது, இடம் வீணாகிறது என்று அம்மா தடுத்துவிட்டாள்.

மூன்றாவது நாள் அக்காவுக்கே பொறுக்கவில்லை. “நீங்கோ இன்னா, ஆடப் போறீங்களா, துன்னப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டுந்தாங்கா. துன்னாதான ஆட முடியும்” என்றாள் அம்மா, சிரிக்காமல்.

கடைசியில் முடிவான திட்டம் இது. ஏழரைக்கு பஸ்ஸிலேயே இட்லி. பத்தரைக்கு வாசலில் பையைக் காட்டுவதற்கு முன் பிஸ்கட். பன்னிரண்டு மணிக்கு அம்மாவும் தம்பியும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் வரிசையில் நிற்பார்கள். நான் அப்பாவை அழைத்து வருவேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. யாராவது கேட்டால், சின்னவனுக்குப் பசி தாங்காது என்று சொல்ல வேண்டும். தம்பிக்கு நான்கு வயது. அவன் அழ வேண்டிய நேரமும் அந்தத் திட்டத்தில் இருந்தது. இரண்டு மணிக்குக் கம்பெனிப் பந்தியிலும் பெயருக்கு உட்கார்ந்து எழுந்துவிடலாம்.

அன்று காலை எல்லாமே திட்டப்படி நடந்தது. செங்குன்றம் தாண்டும்போது இட்லி முடிந்திருந்தது. வாசலில் பையைத் துழாவிய பெண், அடியில் இருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்து உள்ளேயே போட்டுவிட்டாள். உள்ளே நுழைந்ததும் எல்லா ஆண்களுக்கும் நைலான் அரைக்கால் சட்டையை வாடகைக்குக் கொடுத்தார்கள். அதில் பையே கிடையாது. அப்பாவின் துணிகள், மிட்டாய், என் வரைபடம், அம்மாவின் கைப்பை எல்லாம் லாக்கருக்குள் போயின. சாப்பாட்டுக்கான பணத்தை மட்டும் அம்மா கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“மணி பன்னெண்டு ஆச்சின்னா நைனாவ இட்டுக்கினு வந்துரு. அதோ மேல கடிகாரம் இருக்குது பார்” என்று அலைக்குளத்தின் எதிரே இருந்த கோபுரத்தைக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

அலைக்குளத்தைப் பற்றி இன்று என்ன சொன்னாலும் அது அன்று எனக்குத் தோன்றியது போல் இருக்காது. பழவேற்காட்டில் கடலைப் பார்த்திருக்கிறேன். அங்கே அலை தன் இஷ்டத்துக்கு வரும். இங்கே ஒரு சங்கு ஊதும். ஊதியதும் ஐந்நூறு பேர் கத்துவார்கள். பிறகு சுவரிலிருந்து அலை புறப்பட்டு வரும். அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அவருடைய கூட்டாளிகள் நான்கு பேர் கைகோத்து நின்றார்கள். ஆலையில் காதைப் பிளக்கும் சத்தத்தில் சைகையாலேயே பேசிப் பழகிய ஆட்கள், தண்ணீருக்குள் நின்று சின்னப் பையன்களைப் போலக் கூவினார்கள். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வீட்டில் அவர் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் எங்கள் மூவருடைய கண்ணும் அவர்மேலேயே இருக்கும். அங்கே அவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு மணி ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த சங்கு பன்னிரண்டே காலுக்கு என்று யாரோ சொன்னார்கள். ஒரே ஒரு அலை என்று நினைத்தேன். அது முடிந்ததும், இன்னும் ஒன்று பன்னிரண்டே முக்காலுக்கு என்றார்கள்.

அப்பா என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டார். “அம்மா வரச் சொல்லிச்சா?”

“இன்னும் இல்ல நைனா” என்றேன்.

அதுவரை நான் பொய்யே சொன்னதில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வேறெந்தப் பொய்யும் வந்ததில்லை.

பன்னிரண்டே முக்கால் அலை முடிந்தபின் கூட்டாளிகள் சறுக்கு ஏறப் போனார்கள். அப்பா கரையேறி, சிமெண்டில் செய்த யானையின் நிழலில் உட்கார்ந்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். எழுந்திருக்கவில்லை. உடம்பு நனைந்திருந்ததால் வியர்ப்பது எனக்குத் தெரியவில்லை. துண்டால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன். துடைத்த இடத்தில் மறுபடி மணி மணியாக நீர் பூத்தது. பிறகு அவர் என்னை ஊரிலிருக்கும் தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாட்டைக் கட்டிவிட்டாயா என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

அம்மாவின் பாடம் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. கேள்வி கேட்டு நிற்காதே, சர்க்கரையைப் போடு. நான் வரைந்த படத்தில் அலைக்குளத்தை ஒட்டி ஜூஸ் கடை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம், அத்தனை முறை அதை அழித்து அழித்து வரைந்திருந்தேன். ஓடினேன். அந்த இடத்தில் ஒரு கடை இருக்கத்தான் செய்தது. தொப்பியும் காற்றடைத்த வாத்துப் பொம்மையும் தொங்கின. ஜூஸ் கடை எங்கே என்று கேட்டேன். அதை எடுத்து ஆறு மாதம் ஆகிறது என்றான் உள்ளே இருந்தவன். அம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம். லாக்கர் வாசலுக்குப் பக்கத்தில். என் கையில் எதுவுமில்லை.

எதிரே ஒரு கொட்டகை. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியிலிருந்து நெய் வாசனை வந்தது. எங்கள் கம்பெனியின் பெயர் எழுதிய துணி தொங்கியது. இரண்டு மணிப் பந்திக்காக உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து நுழைந்தேன். “ரெண்டு மணிக்கு வா பாப்பா” என்று ஒருவர் கையை நீட்டி மறித்தார். அவருடைய கைக்கு அடியிலேயே ஒரு அண்டா குலாப் ஜாமூன் இருந்தது. முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டேன்.

அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். யாரோ திருடி என்றார்கள். மூலையில் டோக்கன்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவர்தான் அப்பாவின் போர்மேன். அப்பாவைப் பற்றி எவரிடமெல்லாம் எதுவும் சொல்லவே கூடாதோ, அந்தப் பட்டியலில் முதல் ஆள்.

“எங்க நைனாவுக்கு சக்கர எறங்கிடுச்சு” என்று நான் கத்தினேன். “அங்க குந்திக்கினு இருக்காரு. ஒளற்றாரு.”

“யாரு பாப்பா உங்க நைனா?”

“கிரேன்” என்றேன்.

போர்மேன் ஒரு நொடி என்னையே பார்த்தார். அடுத்த நொடி டோக்கன் கட்டைக் கீழே போட்டுவிட்டு, ஒரு டம்ளரை அண்டாவுக்குள் விட்டு ஜாமூன் பாகை மொண்டு எடுத்தார். பெரிய உடம்பு அவருக்கு. அவர் ஓடுவதை அன்றைக்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாகு சிந்தாமல், என் பின்னால் ஓடிவந்தார்.

அப்பா யானையின் காலில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. போர்மேன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அவர் தாடையைப் பிடித்தார். “முழுங்குய்யா. மெதுவா. இன்னுங் கொஞ்சம். அவ்ளதான்.” அப்பா முதல் வாயைத் துப்பினார், இரண்டாவதை முறைத்துக்கொண்டே விழுங்கினார். நான் என் கையில் நசுங்கியிருந்த ஜாமூனை நீட்டிக்கொண்டு நின்றேன். நேரம் எவ்வளவு போனதென்று தெரியாது. அதற்குள் ஒரு தடவை சங்கு ஊதியது, கூட்டம் கத்தியது. பிறகு அப்பா போர்மேனை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நிற்கப் பார்த்தார்.

“குந்து, குந்து” என்றார் போர்மேன். “என் சம்சாரத்துக்கும் இருக்குது. எனக்கு ஒண்ணும் நீ கதை சொல்ல வேணாம்.”

அப்பா என் கையிலிருந்த ஜாமூனை வாங்கித் தின்றார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் சொந்தப் பெயர். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கொட்டகைக்குள் தடுப்புக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்து, பந்திக்கு முன்பே சோறு போடச் சொன்னார் போர்மேன். எங்களை எல்லா இடத்திலும் தேடி அலைந்துவிட்டு, நான்கு பொட்டலங்களைச் சுமந்துகொண்டு, திட்டத்தில் இல்லாத நேரத்தில் நிஜமாகவே அழுதுகொண்டிருந்த தம்பியை இழுத்தபடி அம்மா வந்து சேர்ந்தபோது, அப்பா ரசம் சாதத்தில் இருந்தார். அம்மா போர்மேனைப் பார்த்தாள். காலி டம்ளரைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய முதுகில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமலே இருந்தாள்.

“நாந்தான் நேரம் பாக்கல” என்றார் அப்பா. “பாப்பா கூப்புட்டுது. நாந்தான் வரல.”

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கோபுரத்துக் கடிகாரம் அவருக்கும் நேர் எதிரேதான் இருந்தது என்பதும், அவரும் ஒவ்வொரு அலைக்கும் அதைப் பார்த்திருப்பார் என்பதும் அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அதன்பின் அந்த நாள் நல்லபடியாகவே போனது. சாயங்காலம் வரை பொம்மை ரயிலில் தம்பியும் அப்பாவும் நான்கு சுற்று சுற்றினார்கள். அம்மாகூட ஒரு ராட்டினத்தில் ஏறி, இறங்கும்வரை கண்ணைத் திறக்காமல் இருந்தாள். பஸ்ஸில் கூட்டாளிகள் விசாரித்தபோது, முன் சீட்டிலிருந்த போர்மேன் திரும்பாமலே, “வெயில்ல கொஞ்சம் தலை சுத்திடுச்சு, அவ்ளதான்” என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பெரியவருக்கு மறதி போலிருக்கிறது, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எங்களுக்குப் பள்ளி விடுமுறை. அப்பாவுக்கு முதல் ஷிப்ட். மூன்று மணிக்கு வீடு திரும்பியவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தார்.

“எறக்கிட்டாங்க” என்றார்.

அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தினாள். “எங்க?”

“எடை மேடைக்கு. லாரி எடை பாக்கற வேல. முட்டி வலி, படி ஏற முடியலன்னு போர்மேன் எழுதிக் குடுக்கச் சொன்னாரு. குடுத்துட்டேன். மேனேஜராண்ட அவரே பேசிட்டாரு. சம்பளம் அதேதானாம்.” பிறகு, “கிரேன்ல பன்னெண்டு வருசம்” என்றார்.

அம்மா மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். “தரையிலயா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“இனிமே மேல ஏறவே வேணாமா?”

“வேணாம். தரையிலதான்.”

அம்மா நிலைப்படியில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கிட்டே போனேன். முந்தானையை விலக்கியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் இருந்தது, ஆனால் சிரிப்புதான். எழுந்து உள்ளே போனவள், மாவை அப்படியே விட்டுவிட்டு, பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். அம்மா பகலில் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னால்தான் அப்பா கிரேனை இழந்தார். நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால், வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அவர் இன்னும் கிரேன்காரராகவே இருந்திருப்பார். நானாவது அதை நினைத்துக் குமைந்துகொண்டிருக்கிறேன். இவளோ சிரித்துவிட்டுத் தூங்குகிறாள். அவர் இனி லாரிகளுக்குச் சீட்டு எழுதிக்கொடுக்கும் ஆள் என்பது இவளுக்கு உறைக்கவில்லையா?

படித்து முடித்து நானும் ஓர் ஆலைக்கு வேலைக்குப் போனேன். முதல் வாரத்தில் ஒருநாள் சங்கு ஒலித்து, எல்லாரும் ஓரமாக ஒதுங்கி நின்றோம். தலைக்கு மேலே ஒரு கிரேன், வெள்ளையாகக் கொதிக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்து போனது. வெப்பம் உச்சந்தலையில் இறங்கியது. கீழே நின்றவர்களை எண்ணினேன், பதினோரு பேர். அண்ணாந்து பார்த்தேன், கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் உருவம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அந்தக் கை ஒரு கணம் நடுங்கினால் என்று நினைத்ததும் நான் இன்னும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். இரண்டு வருடம், ஞாயிறு தவிர எல்லா நாளும், ஒவ்வொரு ஷிப்டும் முடியும்வரை அம்மா அந்தக் கூண்டையும் அதன் கீழே நின்றவர்களையும் நினைத்துக்கொண்டுதான் அடுப்பங்கரையில் நின்றிருக்கிறாள். வேலை போய்விடும் என்ற பயத்தை மட்டும்தான் எங்களிடம் சொல்லி வைத்திருந்தாள். இன்னொரு பயத்தைக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்ல முடியும்?

அந்தத் திங்கட்கிழமை விளக்கு வைக்கும் நேரம் வந்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. மாவு புளிக்கத் தொடங்கியிருந்தது. தம்பி பசிக்கிறது என்றான். அப்பா அவனுக்குப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தார். நான் அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றேன். வாய் லேசாகத் திறந்திருக்க, மாவு காய்ந்த கையை மார்மேல் வைத்தபடி, சின்னப் பெண்ணைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பவில்லை. அவள்மேல் இருந்த கோபத்தில்தான் எழுப்பவில்லை.